ஒன்பதாம் அளவு

இன்வர்கார்கில் ஊரில், தெற்குக் காற்று
சமையலறைச் சன்னலை உலுக்கும் ஜூலையில்
நான் நடத்தும் வியாபாரம் இது:
ஸ்வெட்டர் விற்பதில்லை.
ஸ்வெட்டர் எப்படிப் பின்னுவது என்று
ஏழு பக்கம் எழுதி விற்கிறேன்,
ஏழரை டாலருக்கு.

எல்லாம் ஏவல் வாக்கியம்.
இரண்டைச் சேர்த்துப் பின்னு. ஒன்றை நழுவ விடு.
திருப்பு.
இருபத்திரண்டாம் வரிசை வரை இப்படியே செய்.
வீட்டில் நான் சொன்னால்
பூனைகூட எழுந்திருக்காது.
எங்கெங்கோ, பார்த்தேயிராத கைகள்
என் சொல்லைத் தட்டுவதில்லை.

இது தொழிலா பொழுதுபோக்கா,
வரிப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் போட என்று
கணக்காளர் கேட்டார்.
கம்பளி ரசீதுகளைச் செருப்புப் பெட்டியோடு
அவர் மேசையில் கவிழ்த்தேன்.
பொழுதுபோக்கென்றால் பொழுது போகவேண்டும்;
எனக்குப் போதவே இல்லை என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

மிகச் சிறியதிலிருந்து மிகப் பெரியதுவரை
பதினொரு அளவு.
நான் மூன்றாம் அளவு. அதை நானே பின்னுகிறேன்,
ஓரெட்டி கடற்கரையில் போட்டுக்கொண்டு நிற்கிறேன்,
ஃபெர்கஸ் படம் எடுக்கிறான்,
கூந்தல் வாயில் புகுந்த படங்களை அழிக்கிறான்.
சோதித்துப் பார்க்க ஆறு பெண்கள்,
கூலி கம்பளியாகவே.
அவர்களில் ஒன்பதாம் அளவு யாருமில்லை.
எட்டு சரி, பத்து சரி,
நடுவில் இருப்பது எங்கே போய்விடும் என்று விட்டுவிட்டேன்.

ருவாட்டோரியாவிலிருந்து
மெரியானா என்றொருவர் எழுதியிருந்தார்:
*மூன்று முறை பிரித்துப் பின்னினேன்.
கை முழங்கைக்கு மேல் ஏறவில்லை.
குறை என் உடம்பில்தான் என்று
இரண்டு மாதம் ரொட்டியை நிறுத்தினேன்.
நேற்று என் மகள் தாளைப் பார்த்துக் கேட்டாள்:
எண்பத்திரண்டு, எழுபத்தெட்டு, தொண்ணூற்றிரண்டு.
நடுவில் மட்டும் ஏன் இறங்குகிறது?
அவளுக்கு வயது பத்து.
திட்டுவதற்காக எழுதவில்லை.*

எண்பத்தேழு.
கணினி சரியாகத்தான் சொன்னது;
எடுத்தெழுதிய விரல்கள்
எட்டையும் ஏழையும் இடம் மாற்றியிருக்கின்றன.
ஒன்பது கண்ணி குறைவு.
ஒருத்தியை மாட்டிவிட அவ்வளவு போதும்.
இழை அவருடையது, பிழை என்னுடையது,
பட்டினி மட்டும் எப்படி அவர் பக்கம் போனது?

ஏழரை டாலரைத் திருப்பி அனுப்பினேன்.
அனுப்பியபின் அதைவிட அற்பமாக
எதுவும் செய்ததில்லை என்று தோன்றியது.
வாங்கிய இருநூற்றுப் பதின்மூன்று பேருக்கும் கடிதம்.
யார் எந்த அளவைப் பின்னுகிறார்கள் என்பது
எனக்குத் தெரிய வழியில்லை.
ஒருவர்: நான் நாலாம் அளவு, எனக்கேன் இது.
பெர்கனிலிருந்து ஒருவர்:
போன வசந்தத்திலேயே பார்த்தேன், திருத்திக்கொண்டேன்,
உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.
மற்றவர்கள் வாய் திறக்கவில்லை.
அந்த மௌனத்தில் எத்தனை பேர்
கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களோ.

மெரியானாவிடம் கேட்டேன்,
அடுத்ததை எனக்காகச் சோதிப்பீர்களா என்று.
கம்பளியாக வேண்டாம், பணமாகத் தாருங்கள் என்றார்.
சரி என்றேன்.
கணக்கு உதைக்கிறது; உதைக்கட்டும்.
மகளுக்கும் உண்டா என்று கேட்டார், பிழை பார்க்க.
அதற்கும் சரி.

விடிகாலை.
உருக்காலையில் இரவு வேலை முடித்து ஃபெர்கஸ் வந்து
நாற்காலியிலிருந்த நூற்கண்டுகளை
ஒவ்வொன்றாய்த் தரையில் இறக்கிவிட்டு உட்காருகிறான்.
புதிய தாள். பதினொரு கட்டம்.
இதுவரை மூன்றில் தொடங்கி
மற்றவர்களைக் கூட்டிக்கொண்டே போனேன்.
இன்று பேனாவை ஒன்பதில் வைக்கிறேன்.
என் அளவு வரும்,
கழித்துக்கொண்டே வந்தால்.